மற்றவை

விண்ணப்பத்தில் வயதுக்கு மூன்று கட்டம்.
பதினெட்டு முதல் இருபத்தைந்து.
இருபத்தாறு முதல் நாற்பது.
மற்றவை.
மற்றவையில் ஒரு டிக் போட்டுவிட்டு
கிள்ளானில் வீட்டைப் பூட்டி விமானம் ஏறினேன்.

எண்ணூரில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
வாடகை வீடு. எட்டுக் கட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக.
கேட்காமலே எனக்குக் கீழ்க்கட்டில் ஒதுக்கியிருந்தார்கள்.
மேலே லேனா, வயது இருபது.
அவள் புரண்டு படுத்தால் என் முகத்தில் துரு உதிரும்.

முதல் நாள் காலை எல்லோரையும் பார்த்து
பசியாறியாச்சா என்றேன்.
ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டுச் சிரித்தார்.
"நாஷ்டா துன்னியான்னு கேளும்மா, புரியும்."
அறுபத்து நாலு வருஷம்
நான் பேசியதும் தமிழ் என்றுதான் நினைத்திருந்தேன்.
மின்ஜூன் மெல்லக் கேட்டான்,
இவர்கள் பேச்சு உங்களுக்கும் புரியவில்லையா?
பாதி, என்றேன்.
அவனுக்கு அதில் அத்தனை சந்தோஷம்.

வேலை, சாம்பல் படிந்த கொசஸ்தலைக் கரையில்
கண்டல் கன்று நடுவது.
எனக்கு மட்டும் நாற்காலி, குடை,
ஒரு நோட்டு. எண்ணுங்கள் அக்கா.
(ஆன்ட்டியிலிருந்து அக்காவுக்கு இறங்கியது மூன்றாம் நாள்.
கூடிப் பேசியிருப்பார்கள்.)
கையுறைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம்
ஓட்டை பார்த்து எண்ணியவள் நான்.
இங்கேயும் எண்ணிக்கைதான்.
நூற்றுப் பதினாறு. நூற்றுப் பதினேழு.
ஒருவரையொருவர் சேற்றில் தள்ளிவிட்டு
அவர்கள் போடும் கூச்சலை
எந்தப் பத்தியில் எழுதுவது?

இரவில் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ தின்னப் போவார்கள்.
கடைசி ரயிலில் வந்து
வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து
சுவரோடு சுவராக நடப்பார்கள்.
அந்தச் சத்தமின்மைதான் என்னை எழுப்பும்.

ஒன்பதாம் நாள்
யாரிடமும் சொல்லாமல் நாற்காலியை விட்டு இறங்கினேன்.
நாலடி.
வலக்கால் வந்தது, செருப்பு வரவில்லை.
இடக்கால் வரவே இல்லை.
கூப்பிட வாயைத் திறந்து
மூடிக்கொண்டேன்.

குந்தியபடி, கழுத்துவரை தண்ணீரில்
ஒருத்தி வந்துகொண்டிருந்தாள்.
வாயில் பறி. கை இரண்டும் அடியில்
இறால் துழாவிக்கொண்டு.
என் வயதுதான் இருக்கும். என்னிடம் சாயம் இருந்தது,
அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல ஆசை.
எழுந்து, பறியைத் தோளுக்கு மாற்றி,
அக்குளில் கைகொடுத்து
மூட்டையைப் புரட்டுவதுபோல் என்னைப் புரட்டி எடுத்தாள்.

பேர் தேசம்மா.
"நீ எந்த ஊரு?"
மலேசியா.
"அந்தப் புள்ளிங்க?"
ஆளுக்கொரு தேசம்.
"எவ்ளோ குடுக்கறாங்கோ?"
ஒன்றும் இல்லை. நாங்கள்தான் கட்டினோம்.
"துட்டு கட்டியா? சேத்துல எறங்கறதுக்கா?"
அவள் சிரித்த சிரிப்பில் பறி சாய்ந்து
நாலைந்து இறால் ஆற்றுக்கே திரும்பின.
விடிந்ததிலிருந்து துழாவியதில் நாலைந்து.
அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.
"இது நட்டா எறா வருமா?"
துண்டறிக்கையில் வரும் என்று போட்டிருந்தது.
தெரியாது என்றேன்.
"எனக்கும்தான்" என்று பறியைக் கவ்விக்கொண்டாள்.

நோட்டில், கன்று நானூற்றுப் பன்னிரண்டு.
கீழே, இறால் நாலோ ஐந்தோ.
பத்தி இல்லாததால் மேலே மற்றவை என்று எழுதினேன்.

அன்றிரவு அவர்கள் திரும்பியபோது
வாசற்படியில் உட்கார்ந்து
நகக்கண்ணிலிருந்து சேற்றைக் குடைந்துகொண்டிருந்தேன்.
ஏழு பேரும் செருப்பும் கையுமாக நின்றார்கள்.
போட்டுக்கொள்ளுங்கள், என்றேன்.
சத்தமாகவே நடங்கள்.
யாரும் போட்டுக்கொள்ளவில்லை. பழக்கம்.
ஒவ்வொருவராக என்னைத் தாண்டி உள்ளே போனார்கள்.
கடைசியாக லேனா மட்டும்
படியில் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்து
இன்னொன்று எங்கே என்றாள்.
ஆற்றில், என்றேன்.
எண்ணினீர்களா என்றாள்.